வியாழக்கிழமைகளில் நான் திருச்சிக்காரி

14 நவம்பர் 2025, வெள்ளி

என்னைக் கள்ளி என்று சொல்லிவிட்டார்கள். நேரே சொல்லவில்லை. நேரே சொல்லியிருந்தால் நானும் நேரே பதில் சொல்லியிருப்பேன். செவ்வாய்க்கிழமை எங்கள் இலங்கைத் தமிழர் முதியோர் சங்கத்தில், நாற்பது பேருக்கு முன்னால், தலைவர் தேவராஜா தொண்டையைச் செருமிக்கொண்டு, "சந்திரகலா அக்கா, விசாரணை முடியும்வரைக்கும் நீங்கள் வராமல் நிண்டால் எல்லாருக்கும் நல்லது" என்றார். விசாரணையாம். யார் விசாரிக்கிறார்கள்? எதை?

நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்கிறேன். பிறகு ஒருவரும் மாற்றிச் சொல்லக்கூடாது.

ஒக்ரோபர் 28, செவ்வாய். பவளம் வடைக்கு மா குழைப்பதற்காகத் தன் தங்கக் காப்பைக் கழற்றினாள். கை வீங்கியிருந்ததால் திரும்பப் போட முடியவில்லை. பழைய ரொபி மிட்டாய்த் தகரப் பேணி ஒன்றில் காப்பைக் கடதாசியால் சுற்றி வைத்து, மூடியைச் சுற்றிப் பிளாஸ்ரர் ஒட்டி, மேலே "காப்பு" என்று எழுதினாள். பவளம் உப்புப் போத்தலில்கூட "உப்பு" என்று எழுதுகிறவள். பேணியைக் குசினி அலுமாரியில் வைத்தாள். மறந்துபோய் வீட்டுக்குப் போய்விட்டாள். அலுமாரியைப் பூட்டியது நான். அடுத்த செவ்வாய் இந்த ஊரில் குதிரைப் பந்தயத்துக்காகப் பொது விடுமுறை, சங்கம் இல்லை. 11ஆம் திகதி திறந்தால் பேணி இல்லை.

அதே மண்டபத்தையும் அலுமாரியையும் வியாழக்கிழமைகளில் இந்தியத் தமிழர் சங்கம் பாவிக்கிறது. அவர்களிடமும் அலுமாரிப் பூட்டின் திறப்பு ஒன்று உண்டு. தேவராஜா அவர்களுடைய தலைவர் கிருஷ்ணசாமிக்குப் போன் எடுத்தாராம். மரியாதைக்காக அவர்களுடைய தமிழிலேயே கேட்டாராம்: "தங்க வளையல் ஏதாவது பார்த்தீங்களா?" "வளையலா? இல்லீங்களே." அதோடு அந்தப் பக்கம் சுத்தம். மற்றத் திறப்பு என்னிடம்.

பத்தொன்பது வருடம் ஒரு பெரிய கடையில், வாடிக்கையாளர் போலத் தள்ளுவண்டி உருட்டிக்கொண்டு, களவு எடுப்பவர்களைப் பிடித்துக் கொடுத்தவள் நான். சேலை கட்டிய ஒரு அன்ரி துப்பறிகிறாள் என்று யார் நினைப்பார்கள்? "எடுக்கத் தெரிஞ்சவளுக்குத்தான் பிடிக்கத் தெரியும்" என்று சங்கத்தில் பகிடியாகச் சொல்வேன். அந்தப் பகிடியை இப்போது சாட்சியாக வைத்திருக்கிறார்கள்.

அது கூடப் பரவாயில்லை. பவளம். முப்பத்தொரு வருடப் பழக்கம். "சந்திரா அப்பிடிப்பட்ட ஆள் இல்லை" என்று ஒரு சொல் சொல்லவில்லை. குனிந்து சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள்.

15 நவம்பர், சனி

மகள் நிரூபா சொல்கிறாள்: "அம்மா, ஜஸ்ட் லெட் இட் கோ." விடமாட்டேன்.

17 நவம்பர், திங்கள்

பின்னேரம் படம் பார்த்தேன். பழைய ஆங்கிலக் குற்றப்படம், கறுப்பு வெள்ளை.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். எனக்கு இங்கிலீசு சொல்லித் தந்தது இந்தப் படங்கள்தான். இங்கே வந்த புதிதில் பகல் இரண்டு மணிக்கு ரீவியில் போடுவார்கள். கொப்பியும் பென்சிலுமாக இருந்து கேட்டதை எழுதுவேன். கடையில் வேலைக்கு நேர்முகம் நடந்த அன்று நான் பேசிய இங்கிலீசைக் கேட்டு மனேஜர் கதிரையிலிருந்து எழும்பி நின்றுவிட்டான். ஸ்கொட்லன்ட் யார்டில் இருந்து ஆள் வந்தது என்று நினைத்தானோ தெரியாது.

இந்தப் படத்தில் ஓய்வுபெற்ற துப்பறிவாளர் ஒருவர். கடற்கரையோரத்து விடுதி ஒன்றில் ஒரு நகை காணாமல் போகிறது. பொலிசுக்கு அக்கறை இல்லை. இவர் தொப்பியை மாற்றி, மீசையைச் சிரைத்து, குடை திருத்துகிறவர் என்று சொல்லி அங்கே அறை எடுக்கிறார். மழை, மூடுபனி, படிக்கட்டில் நிழல். வீட்டுக்காரி விளக்கோடு தேத்தண்ணி கொண்டுவரும் இடத்தில் எனக்கு எப்போதும் நித்திரை வந்துவிடும். எத்தனையோ தரம் பார்த்தும் முடிவு தெரியாது.

இன்றும் அதே இடத்தில் கண் மூடியது. விடுதிக்குள் நான் நின்றேன். கம்பளம் ஈரம். எல்லாக் கதவுகளிலும் பவளத்தின் கையெழுத்தில் பெயர்: "கதவு", "கதவு", "கதவு".

எழும்பியபோது தெளிவாக இருந்தது. செவ்வாய்க்கிழமை வர வேண்டாம் என்றுதானே சொன்னார்கள்? வியாழக்கிழமையைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

19 நவம்பர், புதன்

பயிற்சி. ஓம் இல்லை, ஆமா. வந்தேன். வர்றேன். சரிங்க. திறப்பு இல்லை, சாவி. கதிரை இல்லை, நாற்காலி. குசினி இல்லை, கிச்சன். காப்பு இல்லை, வளையல். இந்த நாட்டுக்கு வருவதற்கு முதல் இரண்டு வருடம் திருச்சி உறையூரில் இருந்தோம். அங்கே காதில் விழுந்தது இன்னும் அடியில் கிடக்கிறது. தட்டி எழுப்ப வேண்டும், அவ்வளவுதான்.

பெயர் கலா. சந்திராவை வீட்டில் விட்டுவிட்டுப் போகிறேன்.

20 நவம்பர், வியாழன்

போனேன்.

இருபத்தைந்து பேர் இருக்கும். கிருஷ்ணசாமி வாசலிலேயே வந்து, "வாங்கம்மா, வாங்க, எந்த ஊரு?" என்றார். திருச்சி என்றேன். "அட, நம்ம பக்கம். காபி சாப்பிடுறீங்களா?"

"ஓம்."

வாயிலிருந்து விழுந்துவிட்டது. எதிரே அவர்களுடைய பூசைப் பெட்டி திறந்திருந்தது. உள்ளே முருகன் படம். கையைக் கூப்பி, "ஓம் முருகா" என்று முடித்தேன். பக்கத்தில் நின்ற பெண் ஒருத்தி என்னைக் கூர்ந்து பார்த்துவிட்டு, "ரொம்ப பக்தி போல" என்றாள். அவள் பெயர் கிரிஜா. அறுபது வயது இருக்கும். அந்தப் பெட்டி அவளுடைய பொறுப்பு. ஒவ்வொரு வியாழனும் காரில் கொண்டுவந்து, திரும்பக் கொண்டுபோகிறாள்.

"உங்க வீட்டுக்காரரு வரலியா?" என்று கேட்டாள்.

இதற்குப் பயிற்சி எடுக்கவில்லை. "அவருக்கு முழங்கால் வலி" என்றேன். "ரயில்வேல இருந்தாரு. வீட்ல படுத்திருக்காரு."

என் மனுசன் சிறிதரன் போய் ஒன்பது வருடம்.

27 நவம்பர், வியாழன்

கடையில் நான் முகத்தைப் பார்ப்பதில்லை. கைகளைப் பார்ப்பேன். முகம் பொய் சொல்லப் பழகிவிடும், கை பழகாது. இன்று இருபத்தைந்து சோடிக் கைகளையும் பார்த்தேன். என் சந்தேகம் கிருஷ்ணசாமி மேல்தான். திறப்பு அவருடைய இடுப்பில். ஒரு கறுப்புப் பையை மேசைக்குக் கீழே வைத்துக் காலால் அணைத்துக்கொண்டு இருக்கிறார். கோப்பை எடுக்கும் சாட்டில் குனிந்து பார்த்தேன். உள்ளே முறுக்கு. சர்க்கரை வியாதிக்காரர், மனைவிக்குத் தெரியாமல் கொண்டுவருகிறார். என்னைப் பிடித்துவிட்டார். "கலாம்மா, நீங்க பார்க்கல. நானும் சாப்பிடல. சரியா?" இரண்டு எனக்குத் தந்தார். கையூட்டு வாங்கிவிட்டேன்.

பூசைக்கு என்னைத்தான் தீபம் காட்டச் சொன்னார்கள். புகை அலாரம் அடிக்கும் என்று பற்றரியில் எரியும் விளக்கு. பக்திக்காரி அல்லவா, கண்ணை இறுக மூடிக்கொண்டு காட்டினேன்.

முடிந்ததும் கிரிஜா, "அண்ணன் எப்படி இருக்காரு?" என்றாள். காய்ச்சல் என்று சொன்னேன். ஏன் சொன்னேன்? ஒருவரும் கேட்காத பொய். அவள் உடனே ஒரு சின்னப் பாத்திரத்தில் மிளகு ரசம் ஊற்றி, "சூடா குடிக்கச் சொல்லுங்க, கலாக்கா" என்று தந்தாள்.

பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். சூடு சேலைக்குள்ளால் தெரிந்தது. வீட்டில் ஒருவரும் இல்லை. அவருடைய படத்துக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு, நானே குடித்தேன். நல்ல உறைப்பு.

30 நவம்பர், ஞாயிறு

படுத்தால் கறுப்பு வெள்ளையில் கனவு வருகிறது. விடுதிக் கூடத்தில் நான் குடைகளைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு குடையாக விரிக்கிறேன், உள்ளே மழை பெய்கிறது. படியில் சிறி இறங்கி வருகிறார், ரயில்வேச் சட்டையோடு. அவர் ஒரு நாளும் ரயில்வேயில் வேலை செய்ததில்லை, வாத்தியார். "முழங்கால் எப்பிடி?" என்று கேட்டேன். "வியாழக்கிழமையில் நோகிறதில்லை" என்றார்.

விடிந்தபிறகும் கொஞ்ச நேரம் அந்த நிறத்திலேயே கிடந்தேன். ஜன்னலில் மக்பைக் குருவி பாடியது. அதற்கும் கறுப்பு வெள்ளைதான்.

நான் அங்கே எதற்காகப் போகிறேன் என்பதை எழுதி வைக்கிறேன், மறக்கக்கூடாது: காப்பு. காப்பு. காப்பு.

2 டிசம்பர், செவ்வாய்

சங்க நாள். போகவில்லை. பவளத்திடமிருந்து ஒரு போன்கூட வரவில்லை.

4 டிசம்பர், வியாழன்

முழுவதும் எழுதுகிறேன்.

நேற்றுக் கார்த்திகைத் தீபம். இன்று மண்டபத்து வாசலில் அகல் விளக்கு ஏற்றினார்கள். ஏற்ற ஏற்றக் காற்று அணைத்தது. கிருஷ்ணசாமி தன் உடம்பைக் குறுக்கே வைத்து மறைத்துக்கொண்டு நின்றார். "இந்த ஊர் காத்துக்குச் சாமி பயமே கிடையாதுங்க."

பிறகு கிரிஜா எங்களை வரிசையாக இருத்தி, கணவர் உள்ள பெண்களுக்கு வெற்றிலை, மஞ்சள், கண்ணாடி வளையல் கொடுத்தாள். என் முன்னால் வந்தாள். நான் எழும்பிப் போயிருக்க வேண்டும். எழும்பவில்லை. "கையை நீட்டுங்க, கலாக்கா." பச்சை நிறம். ஒன்பது வருடம் வெறுங்கை. அவள் என் விரல்களை ஒடுக்கிப் பிடித்து ஏற்றினாள். முதலாவது போய்விட்டது. இரண்டாவது பெருவிரல் மூட்டில் நின்றது. நொந்தது. ஆனால் என் கண் கலங்கியது நோவினால் இல்லை.

"ஐயோ, இந்தக் காப்பு ஏறாது, பிள்ளை. கெதியாக் கழட்டு."

சொன்னபிறகுதான் என் பேச்சு எனக்கே கேட்டது.

கிரிஜா நிமிர்ந்து பார்த்தாள். "காப்பா? இது வளையல், கலாக்கா. காப்பு பூசைப் பெட்டியிலல்ல இருக்கு?"

"எந்தக் காப்பு?"

"சஷ்டி விரதக் காப்பு. கந்தசஷ்டி முடிஞ்ச வியாழக்கிழமை நாங்க எல்லாம் கையில கட்டின கயித்தைக் கழட்டி வச்சோம்ல? அன்னிக்கு அலமாரியில ஒரு சின்ன டப்பா இருந்துச்சு. 'காப்பு'ன்னு எழுதி, டேப் ஒட்டி. யாரோ செவ்வாய்க்கிழமைக்காரங்க விரதக் கயிறு போலன்னு முருகன் காலடியில வச்சேன். அடுத்தவங்க விரதம். பிரிச்சுப் பார்க்கலாமா?"

பெட்டிக்குள் பார்த்தேன். முருகன் படத்தின் கீழே, எங்கள் ரொபிப் பேணி. மேலே சந்தனப் பொட்டு. பவளத்தின் கையெழுத்து. ஐந்து கிழமையாகப் பவளத்தின் காப்புக்குத் தீபம் காட்டியிருக்கிறார்கள். ஒரு கிழமை நானே காட்டியிருக்கிறேன், கண்ணை மூடிக்கொண்டு. பத்தொன்பது வருடம் கைகளைப் பார்த்தவளுக்குச் சாமியின் காலைப் பார்க்கத் தோன்றவில்லை.

தேவராஜா "காப்பு" என்று கேட்டிருந்தால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும். மரியாதை பார்த்து "வளையல்" என்றார். நானும் இரண்டு கிழமையாக வளையல், வளையல் என்று வாயைக் கட்டிக்கொண்டு திரிந்தேன். வேடம் கலைந்த நிமிடத்தில் பேணி வெளியே வந்தது.

நான் யார், எதற்கு வந்தேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். சிறியைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. கோபிப்பார்கள் என்று நினைத்தேன். கிரிஜா சிரித்தாள். "முதல் நாளே தெரியும், கலாக்கா. காபி வேணுமான்னு கேட்டா யாராவது ஓம் முருகான்னு சொல்வாங்களா? சொல்லாம வர்றவங்ககிட்ட ஏன் வந்தீங்கன்னு எப்படிக் கேக்குறது?"

"எனக்குத் தெரியாது" என்றார் கிருஷ்ணசாமி. "நான் திருச்சின்னு நம்பிட்டேன். முறுக்கு வேற குடுத்துட்டேன்."

கிரிஜா பேணியை எடுத்து நீட்டினாள். நான் தொடவில்லை. தொட்டால், நானே கொண்டுவந்து வைத்துவிட்டு எடுத்தேன் என்பார்கள். "தேவராஜாவைக் கூப்பிடுங்கோ. அவர் வந்து தன்ரை கையால எடுக்கட்டும். அதுவரைக்கும் ஒருவரும் பெட்டியைத் தொடக்கூடாது." கிருஷ்ணசாமி போன் பண்ணினார். இருபத்தைந்து பேரும் பெட்டியைச் சுற்றிக் காவல் இருந்து பொரி உருண்டை சாப்பிட்டோம்.

முக்கால் மணித்தியாலத்தில் தேவராஜா வந்தார். பின்னால் பவளம். தேவராஜா பிளாஸ்ரரை உரித்து, கடதாசியைப் பிரித்து, காப்பைக் கண்டதும், "சரி, சரி, கிடைச்சிட்டுது தானே. நல்லதாப் போச்சு" என்றார்.

நல்லதாப் போச்சாம்.

பவளம் காப்பைப் பார்க்கவில்லை. என் கையில் இருந்த பச்சை வளையலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கிட்ட வந்து, "சந்திரா, எப்பிடி இருக்கிறாய்?" என்றாள்.

"நல்லா இருக்கேங்க."

"கோவமே?"

"இல்லீங்க. நீங்க செவ்வாய்க்கிழமை ஆளு. நான் வியாழக்கிழமை ஆளு. நமக்குள்ள பழக்கம் இல்லீங்களே."

பவளத்தின் வாய் கோணியது. சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அழுதாள். கிரிஜா ஒரு நாற்காலியை இழுத்து அவளை இருத்தினாள். நான் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று வந்துவிட்டேன். பஸ்ஸுக்கு இருபது நிமிடம் இருந்தது.

5 டிசம்பர், வெள்ளி

போன் நான்கு தரம் அடித்தது. எடுக்கவில்லை. நான் செய்தது சரி. சரிதான்.

6 டிசம்பர், சனி

இன்று நித்திரை கொள்ளவில்லை. படத்தின் முடிவைப் பார்த்தேன்.

நகையை எடுத்தது குடை திருத்துகிறவர்தான் என்று விடுதியில் எல்லாரும் அவர் மேலேயே சந்தேகப்படுகிறார்கள். அது எனக்கு இவ்வளவு நாளும் தெரியாது. கடைசியில் நகை வீட்டுக்காரியின் தையல் கூடையிலேயே கிடக்கிறது. அவர் தன் உண்மையான பெயரைச் சொல்கிறார். எல்லாரும் வாயைப் பிளக்கிறார்கள். பிறகு பெட்டியை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போகிறார். மூடுபனி. வீட்டுக்காரி வாசலில் நிற்கிறாள், கையில் தேத்தண்ணிக் கோப்பை. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ரயில் புகை. முடிந்தது.

இது என்ன முடிவு? ஒருவராவது மன்னிப்புக் கேட்டார்களா? அவராவது கேட்டு வாங்கினாரா? அந்த மனுசி கோப்பையோடு எவ்வளவு நேரம் நின்றிருப்பாள்? தேத்தண்ணி ஆறியிருக்கும். இதைப் பார்த்தா நான் இங்கிலீசு படித்தேன்?

7 டிசம்பர், ஞாயிறு

நிரூபா என் கையைப் பார்த்துவிட்டு, "நைஸ் பாங்கிள், அம்மா" என்றாள். பிறகு தமிழில், மெதுவாக, "அப்பாக்குப் பச்சை பிடிக்கும்" என்றாள்.

8 டிசம்பர், திங்கள்

நாளை செவ்வாய். யார் யார் என்ன செய்ய வேண்டும் என்று எழுதிவிடுகிறேன். இதில் பேரம் இல்லை.

தேவராஜா: நாளை கூட்டத்தில் எழும்பி நின்று, மைக்கைப் பிடித்து, என் முழுப் பெயரையும் சொல்லிப் பேச வேண்டும். "தவறு நடந்துவிட்டது" என்று அல்ல. "நான் தவறு செய்தேன்" என்று. இரண்டும் ஒன்றில்லை.

கொமிற்றி: அதைக் கூட்ட அறிக்கையில் எழுத வேண்டும். எழுதியதன் பிரதி எனக்கு வர வேண்டும்.

நிரூபா: நாளை லீவு போட்டு, எனக்குப் பதிலாகப் போய் இருந்து கேட்டு வர வேண்டும். மன்னிப்புக் கேட்கும்வரை செவ்வாய்க்கிழமையில் நான் அந்த வாசலை மிதிக்கமாட்டேன். கேட்டதை எனக்குத் தமிழில் சொல்ல வேண்டும்.

கிருஷ்ணசாமி: முறுக்கை நிறுத்த வேண்டும். அல்லது இன்னும் நன்றாக ஒளிக்கப் பழக வேண்டும்.

கிரிஜா: ஒன்றும் இல்லை.

நான், வியாழன் பத்தரைக்கு: ரசப் பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொடுக்க வேண்டும். ரசத்தைக் குடித்தது யார் என்று சொல்ல வேண்டும். சிறி வாத்தியார் என்றும், அவர் எப்போது போனார் என்றும் சொல்ல வேண்டும். வளையலைத் திருப்பிக் கேட்டால் கொடுக்கமாட்டேன்.

பவளம்: அவள்தான் வர வேண்டும். நான் போகமாட்டேன். வந்து, அன்றைக்குச் சொல்லாமல் விட்ட அந்த ஒரு சொல்லை என் குசினியில் வைத்துச் சொல்ல வேண்டும்.

நான், நாளை காலை கடை திறந்தவுடன்: பால்மா வாங்க வேண்டும், வியாழக்கிழமைத் தமிழில் பால் பவுடர். பவளம் பால்மா இல்லாத தேத்தண்ணியை வாயில் வைக்கமாட்டாள். வாங்கிப் பேணியில் கொட்டி, மேலே பெரிதாக "பால்மா" என்று எழுதி, அவள் இருக்கும் கதிரையிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி வைக்க வேண்டும்.